தெரிந்ததை நிறுவியவர்களுக்கு எதற்குப் பரிசு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாலக்கோட்டுக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஹென்றி புவான்காரே பரிசு பற்றித் தாங்கள் எழுதியிருந்த கட்டுரையை அச்செடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். கணித இயற்பியலுக்கென்று 1997 முதல் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படும் பன்னாட்டுப் பரிசு ஒன்று இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு மட்டுமின்றி எனக்கும் புதிய செய்தியாக இருந்தது.

அந்தக் கட்டுரையில் பருப்பொருளின் நிலைத்தன்மை பற்றி ஒரு பத்தி வருகிறது. ஒரு கல் தனக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டு உள்ளொடுங்காமல் இருப்பது ஏன் என்பதை டைசனும் லீபும் கணித முறையில் நிறுவினார்கள், இருவருக்கும் இந்தப் பரிசு கிடைத்தது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டதும் ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தந்தை கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் ஆலையில் வேலை செய்பவர். “அணுவின் விதிகளைக் கண்டுபிடித்தவர்களுக்கு அப்போதே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள். கல் கல்லாகத்தான் இருக்கும் என்பது எங்கள் அப்பாவுக்கே தெரியும். நாற்பது வருடம் கழித்து அதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களுக்கு எதற்கு சார் தனியாக ஒரு பரிசு?” என்று கேட்டாள். நகல் சான்றிதழில் கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் சான்றொப்பம் இட்டால்தானே அலுவலகத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள், அதுபோலத்தான் இதுவும் என்று சொல்லிச் சமாளித்தேன். வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையில் எனக்கும் போதவில்லை.

இன்னொன்று. பரிசு பெற்றவர்களில் நளினி அனந்தராமன் என்று ஒரு பெயர் இருக்கிறது. தமிழருக்குக் கிடைத்த உலகப் பரிசு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிடலாம் என்கிறார் எங்கள் கணித ஆசிரியர். எழுதலாமா? கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குக் கையில் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லும்படி இந்தத் துறையில் ஏதாவது உண்டா?

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர், பாலக்கோடு

*

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சான்றொப்ப உவமை வகுப்பறைக்கு நல்ல உவமைதான். பெரும்பாலான இயற்பியலாளர்களும் கணித நிரூபணத்தைப் பற்றி மனத்துக்குள் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஆனால் சான்றொப்பம் இடுகிற அதிகாரியின் மேசைமேல் அசலும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. நீங்கள் குறிப்பிடும் மாணவியின் கேள்விக்கு உட்பட்ட விஷயத்தில், 1967 வரை அப்படியோர் அசல் யாருடைய மேசையிலும் இருக்கவில்லை. கல் நிலைத்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. அணுவின் விதிகள் ஏட்டில் இருந்த உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்று வருகிறதா என்பது எவருக்கும் தெரியாது. வரும் என்ற நம்பிக்கை மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

பாடநூலில் நீங்கள் நடத்துகிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பழைய இயற்பியலின்படி எலக்ட்ரான் ஆற்றலை இழந்து அணுக்கருவில் போய் விழுந்துவிட வேண்டும். 1925, 1926 ஆண்டுகளில் உருவான குவாண்டம் இயக்கவியல் அதைத் தடுத்தது. ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இறங்க முடியாது. எலக்ட்ரானைக் குறுகிய இடத்தில் அடைத்தால் அதன் இயக்க ஆற்றல் கூடுகிறது. துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக வரையறுக்க முடியாது என்கிற நிச்சயமின்மைத் தத்துவம் அதைப் பார்த்துக்கொள்கிறது. மேல்நிலை வகுப்புப் பாடமும் பெரும்பாலான கல்லூரிப் பாடங்களும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அணு நிலைத்திருக்கிறது, கல் அணுக்களால் ஆனது, ஆகவே கல்லும் நிலைத்திருக்கும் என்று நாமாகவே முடித்துக்கொள்கிறோம். அந்த ‘ஆகவே’யில்தான் ஓட்டை இருக்கிறது.

ஒரு கன மீட்டர் கிரானைட் ஏறத்தாழ 2.7 டன் எடை இருக்கும். அதிலுள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, 8 போட்டு அதன்பின் 29 சுழியங்கள் போட்டால் வருகிற எண்ணுக்கு அருகில் இருக்கும். அவற்றில் ஒவ்வொன்றும் கல்லிலுள்ள மற்ற எல்லா எலக்ட்ரான்களையும் விலக்குகிறது. எல்லா அணுக்கருக்களையும் ஈர்க்கிறது. மின்விசை தொலைவுக்கு ஏற்பக் குறையுமே தவிர, எந்த இடத்திலும் முற்றாக அறுந்துபோவதில்லை. தனி அணு ஒன்றின் ஆற்றலுக்கு அடிமட்டம் உண்டு என்று தெரிந்துவிட்டதால் இத்தனை துகள்கள் கூடிய கூட்டத்தின் அடிமட்டம் எங்கே இருக்கும் என்பது தெரிந்துவிடாது. இரண்டு கன மீட்டர் கல்லின் அடிமட்டம் ஒரு கன மீட்டர் கல்லின் அடிமட்டத்தைப் போல இரண்டு மடங்காக இருக்க வேண்டும். அப்போதுதான் கல்லை இரண்டாக அறுத்தாலும் இரண்டு கல்லைச் சேர்த்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த மாணவியின் தந்தை தினமும் பலகைகளை அடுக்கி வைக்கிறார், ஒன்றும் ஆவதில்லை. விதிகள் அதைச் சொல்கின்றனவா?

கேள்வியை வெளிப்படையாக எழுப்பியவர் இயற்பியலாளர் பால் ஏரென்ஃபெஸ்ட். 1931-இல் வுல்ஃப்காங் பௌலிக்கு லோரன்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டபோது அவர் ஆற்றிய வாழ்த்துரையில், ஓர் உலோகத் துண்டையோ கல்லையோ எடுத்துப் பார்த்தால் இவ்வளவு பொருள் இவ்வளவு பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது வியப்பாக இருக்கிறது என்ற பொருளில் பேசி, அதற்குக் காரணம் பௌலியின் தவிர்க்கைத் தத்துவம்தான் என்றார். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது. ஆகவே அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் பரவ வேண்டியிருக்கிறது. நல்ல ஊகம். இயற்பியலாளர்கள் அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 1966-இல் மைக்கேல் ஃபிஷரும் டேவிட் ருயெலும் இதைத் திட்டவட்டமான கணிதக் கேள்வியாக முன்வைத்தபோது, நிரூபிப்பவருக்கு ஒரு ஷாம்பெய்ன் பாட்டில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் பார்வையில் இந்தத் துறையின் முதல் பரிசு அதுதான். அடுத்த ஆண்டே ஃபிரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் அதை வென்றுவிட்டார்கள்.

அவர்களுடைய நிரூபணம் மிக நீளமானது, கரடுமுரடானது. ஆற்றலின் அடிமட்டம் துகள்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில்தான் இருக்கும் என்று நிறுவிவிட்டார்கள். ஆனால் அந்த விகிதத்தின் மாறிலி அவர்கள் கணக்கில் இயல்பான அளவைவிடப் பல லட்சம் கோடி மடங்கு பெரிதாக வந்தது. 1975-இல் எலியட் லீபும் வால்டர் தீரிங்கும் முற்றிலும் வேறொரு வழியில், சில பக்கங்களில், அந்த மாறிலியை நம்பத்தகுந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்காக அவர்கள் கண்டுபிடித்த சமனின்மை இன்று லீப்–தீரிங் சமனின்மை என்று வழங்குகிறது. அதைக் கூர்மையாக்குவதற்கென்றே இன்றும் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். தெரிந்ததைத்தானே நிறுவினார்கள் என்பது அவள் கேள்வி. டைசன் அதே 1967-இல் இன்னொரு கணக்கும் போட்டார். பௌலி தவிர்க்கைத் தத்துவம் இல்லாத உலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்விசை அப்படியே இருக்கிறது, நிச்சயமின்மைத் தத்துவம் அப்படியே இருக்கிறது, துகள்கள் மட்டும் போஸான்கள், அதாவது எத்தனை வேண்டுமானாலும் ஒரே நிலையில் இருக்கக்கூடியவை. அந்த உலகில் ஆற்றலின் அடிமட்டம் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இறங்காது. எண்ணிக்கையின் 7/5 அடுக்குக்கு ஏற்ப, குறைந்தபட்சம் அந்த வேகத்தில், இறங்கும் என்று காட்டினார். இரண்டின் 7/5 அடுக்கு ஏறத்தாழ 2.64. அதாவது சம அளவுள்ள இரண்டு கற்களை ஒட்டி வைத்தால் மொத்த ஆற்றல் இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போவதற்குப் பதிலாக 2.64 மடங்கு ஆழத்துக்குப் போகும். இடைப்பட்ட வித்தியாசம் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். மாறிலிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு கன மீட்டர் கல்லில் ஒவ்வோர் எலக்ட்ரானின் பங்குக்கும் வருகிற பிணைப்பாற்றல் நம் உலகில் உள்ளதைவிட லட்சம் கோடி மடங்கு என்ற அளவில் வரும். கையில் எடுக்கக்கூடிய எந்த இரு பொருள்களைச் சேர்த்து வைத்தாலும் அணுகுண்டோடு ஒப்பிடத்தக்க ஆற்றல் வெளிப்படும் என்று டைசன் குறிப்பிட்டார். கிருஷ்ணகிரியில் பலகை அடுக்குவது அந்த உலகில் நடக்கிற காரியமில்லை.

கவனியுங்கள், இந்தக் கணக்குக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டிருந்தால், அணுவைக் காப்பாற்றுகிற நிச்சயமின்மைத் தத்துவமே கல்லையும் காப்பாற்றுகிறது என்று தயங்காமல் சொல்லியிருப்பார். அந்தப் பதில் தவறு. தனி அணுவுக்கு அது போதும். கல்லுக்கு அது போதாது. நிரூபணத்தை எழுத உட்கார்ந்தபோதுதான், எந்தத் தூணை எடுத்தால் கூரை விழும், எதை எடுத்தால் விழாது என்பது வெளிப்பட்டது. ஏரென்ஃபெஸ்டின் ஊகம் சரி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அது ஒரு சிறந்த மனிதர் விருது மேடையில் சொன்ன நல்ல கருத்து, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு புவான்காரே பரிசுப் பட்டியலைப் படித்தால் அது வெறும் பெயர் வரிசையாகத் தெரியாது. 2000-இல் தீரிங்குக்கும், தவிர்க்கைத் தத்துவம் இல்லாத உலகின் ஆற்றல் 7/5 அடுக்குக்கும் கீழே போகாது என்பதை 1988-இல் லீபோடும் ஜோசப் கான்லனோடும் சேர்ந்து நிறுவிய ஹோர்ங்-ட்ஸர் யாவுக்கும், முடிவற்ற அளவுக்குப் பெருகும் பொருளுக்கு வெப்ப இயக்கவியல் செல்லுபடியாகிறது என்று லீபோடு சேர்ந்து காட்டிய ஜோயல் லெபோவிட்ஸுக்கும் பரிசு. 2003-இல் லீபுக்கு. 2006-இல், ஷாம்பெய்ன் பாட்டிலை அறிவித்தவர்களில் ஒருவரான ருயெலுக்கு, அவருடைய வேறு பல பணிகளுக்காக. 2012-இல் டைசனுக்கு. 2021-இல், அந்த 7/5 கணக்கின் மாறிலியையே துல்லியமாக முடித்து வைத்தவர்களில் ஒருவரான யான் ஃபிலிப் சோலவேய்க்கு. லெனார்டின் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல்களுக்கு அந்தக் குறை எப்போதும் உண்டு.

பரிசு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் வகுப்பில் சொல்லலாம், ஏனென்றால் அந்த மாணவியின் கேள்விக்குப் பிரெஞ்சுக் கணிதர் ஹென்றி புவான்காரேயின் வாழ்க்கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி அறிவிக்கப்பட்ட கணிதப் போட்டியில், சூரியன், புவி, நிலவு போன்ற மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் இயக்கத்தைப் பற்றிய கட்டுரைக்காக 1889-இல் புவான்காரே பரிசு பெற்றார். நடுவர்கள் வயர்ஸ்ட்ராஸ், எர்மித், மித்தாக்-லெஃப்லர். அக்காலத்தில் அவர்களுக்கு மேல் யாரும் இல்லை. கட்டுரையை அச்சுக்குத் தயார் செய்தபோது, எட்வர்ட் ஃபிராக்மேன் என்ற இளம் கணிதர், சில இடங்கள் விளங்கவில்லை என்று விளக்கம் கேட்டார். அந்த விளக்கங்களை எழுதிக்கொண்டிருந்தபோது புவான்காரேவுக்குத் தம் நிரூபணத்தின் இன்னோர் இடத்தில் பெரிய பிழை இருப்பது தெரிந்தது. அதற்குள் இதழ் அச்சாகி, சில பிரதிகள் வெளியே போயும்விட்டன. அவற்றைத் திரும்பப் பெற்று, கட்டுரையைத் திருத்தி எழுதி, மீண்டும் அச்சிட்டார்கள். பரிசுத் தொகை 2,500 குரோனர், மறு அச்சின் செலவு அதைவிட ஆயிரத்துக்கும் மேல் அதிகம், கொடுத்தவர் புவான்காரே.

1890-இல் வெளிவந்த திருத்திய கட்டுரையில்தான், மூன்று பொருள்களின் இயக்கம் எவ்வளவு சிக்கலாக முறுக்கிக்கொள்ளக்கூடும் என்பது முதன்முதலாகத் தெரியவந்தது. பிற்காலத்தில் கேயாஸ் (ஒழுங்கின்மை) என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட துறைக்கு அதுவே ஊற்று. முதல் கட்டுரையில் இயக்கம் ஒழுங்காகவும் நிலையாகவும் இருக்கும் என்ற முடிவு இருந்தது. அது எல்லோரும் எதிர்பார்த்த முடிவு என்பதால் அந்தப் பெரிய நடுவர்களின் கண்ணுக்கும் ஓட்டை படவில்லை. இந்த வரி எப்படி வருகிறது என்று ஓர் இளைஞர் கேட்காமல் விட்டிருந்தால், தெரிந்ததை நிறுவிவிட்டோம் என்ற நிம்மதியோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்கள் மாணவி செய்ததும் அதே காரியம்தான் என்று அவளிடம் சொன்னால் மிகையாகாது.

தமிழர் பற்றிய கேள்வி. நளினி அனந்தராமன் 1976-இல் பாரிசில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் கணிதர்கள். படிப்பும் பணியும் பிரான்சில். 2012-இல் டைசனோடு புவான்காரே பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். 2018-இல் இந்தியாவின் இன்ஃபோசிஸ் பரிசும் அவருக்குக் கிடைத்தது. தந்தை வழியில் வந்த பெயரைக் கொண்டு அவரை நாம் சொந்தம் கொண்டாடுவதில் பெரிய குற்றமில்லை. ஆனால் பலகையில் பெயரை மட்டும் எழுதிவிட்டு அவர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட எழுதாமல் விடுவது அவருக்கும் மரியாதையில்லை, படிக்கிற பிள்ளைகளுக்கும் பயனில்லை. அந்த ஒரு வரியை நான் சொல்லித் தருகிறேன்.

குதிரைச் சேணத்தைப் போல எங்கும் எதிர்வளைவு கொண்ட ஒரு மூடிய பரப்பில் துகள் ஒன்று ஓடினால் அதன் பாதை முற்றிலும் தாறுமாறாக இருக்கும். அதே பரப்பில் குவாண்டம் அலைகளை எழுப்பி, அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் அலைகள் எங்கும் சமமாகப் பரவுமா, அல்லது ஏதாவது ஒரு மூடிய பாதையின்மேல் குவிந்து நிற்குமா என்பது கேள்வி. பெரும்பாலான அலைகள் சமமாகவே பரவும் என்பது 1974-இல் ஷ்னிரெல்மன் அறிவித்த தேற்றம். ஒன்று விடாமல் எல்லாமே சமமாகப் பரவும் என்று ரட்னிக்கும் சர்நாக்கும் 1994-இல் ஊகித்தார்கள். அந்த ஊகம் பொதுவாக இன்னும் நிறுவப்படவில்லை. எந்த அலையும் ஒரே ஒரு மூடிய பாதையின்மேல் முழுவதுமாகக் குவிந்துவிட முடியாது என்பதை, தாறுமாறின் அளவைக் குறிக்கும் என்ட்ரோபி என்ற கருவியைக் கொண்டு, 2008-இல் வெளிவந்த கட்டுரையில் நிறுவியவர் அனந்தராமன். இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஓட்டப் பந்தயத் திடலின் வடிவம் கொண்ட பரப்பிலும் துகளின் பாதை தாறுமாறானதுதான். ஆனால் அங்கே எல்லா அலைகளும் சமமாகப் பரவும் என்ற எதிர்பார்ப்பு, அநேகமாக அப்படிப்பட்ட எல்லாத் திடல்களுக்குமே பொய் என்று ஆண்ட்ரூ ஹாஸெல் 2010-இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். கணினியில் வரைந்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு வேண்டும் என்றால் வேறொரு பெயரையும் பலகையில் சேர்க்கச் சொல்வேன், பரிசு வேறு என்றாலும். கணித இயற்பியலுக்கு 1959 முதல் அமெரிக்காவில் வழங்கப்படும் டேனி ஹைன்மன் பரிசு 1974-இல் சுப்பிரமணியன் சந்திரசேகருக்குக் கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். நோபல் பரிசு ஒன்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெள்ளைக் குறுமீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற அவர் முடிவை 1935-இல் வானியலாளர் எடிங்டன் பொதுக்கூட்டத்திலேயே கேலி செய்ததைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அவர்கள் கேள்விப்பட்டிராத பகுதி இது: அந்த முடிவு தோராயமான சமன்பாடுகளிலிருந்து வந்தது, அவை துகள்களின் குவாண்டம் விதிகளிலிருந்து உண்மையாகவே கிளைக்கின்றனவா என்ற கேள்வி அரை நூற்றாண்டு நின்றது. 1987-இல் லீபும் யாவும் அதை நிறுவினார்கள். கல்லை நிலைநிறுத்துகிற அதே தவிர்க்கைத் தத்துவம், ஈர்ப்புவிசை கூடிய இடத்தில் எந்த நிறைவரை தாங்கும், எதற்குமேல் தாங்காது என்பதன் கணக்கு அது. உங்கள் வகுப்பில் எழுந்த கேள்வியும் சந்திரசேகர் வரம்பும் ஒரே கேள்வியின் இரு முனைகள் என்பதால் பலகையில் அவருக்கு இடம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

பரிசைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. டேனியல் யாகோல்னிட்சர் அறக்கட்டளையின் நிதியில், பன்னாட்டுக் கணித இயற்பியல் சங்கம் தன் மாநாட்டில் இதை வழங்குகிறது. கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு உள்ளதைப் போன்ற நாற்பது வயது வரம்பு இதற்கு இல்லை. அதனால்தான் 2003-இல் கணிதர் ஓடெட் ஷ்ராமுக்கு இதைக் கொடுக்க முடிந்தது. அவர் 1961 டிசம்பரில் பிறந்தவர். 2002-ஆம் ஆண்டின் ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு 1962 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். மூன்று வார வித்தியாசத்தில் அந்தக் கதவு மூடிவிட்டது. அவர் தொடங்கி வைத்த துறையில் பணியாற்றிய வேறு இருவர் பின்னாளில் அந்தப் பதக்கத்தைப் பெற்றார்கள். செய்தித்தாள்கள் இந்தப் பரிசைக் கண்டுகொள்வதில்லை என்று எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வயதுக்காகத் தள்ளப்பட்டவரை இது தள்ளவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி அந்த மாணவிக்குக் கொடுக்க வேண்டியது. கணிதமும் இயற்பியலும் சேர்த்துப் படிக்க விரும்பினால், சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் இரண்டும் இணைந்த இளநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பிலேயே அதற்குத் தயாராக வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். நம் இரு மாவட்டங்களிலும் பிள்ளைகள் அந்தத் தேர்வின் பெயரைக் கேள்விப்படுவதே பெரும்பாலும் விண்ணப்பத் தேதி கடந்தபிறகுதான்.

அதற்கு முன்னால் ஒரு தாளும் பென்சிலும் போதும். பனிக்கட்டியில் ஒவ்வோர் ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு ஹைட்ரஜன்கள்; இரண்டு அருகில், இரண்டு தள்ளி. இதைத் தளத்தில் வரைந்தால் சதுரக் கட்டங்களின் ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு கோடுகள். சந்திப்பு ஆக்சிஜன்; ஒவ்வொரு கோட்டிலும், ஹைட்ரஜன் எந்த ஆக்சிஜனுக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் காட்டும் ஓர் அம்பு. எந்தச் சந்திப்பிலும் இரண்டு அம்பு உள்ளே, இரண்டு அம்பு வெளியே. இப்படி எத்தனை விதமாக அம்பு போடலாம்? லைனஸ் பாலிங் 1935-இல் பனிக்கட்டிக்குச் சொன்ன குறுக்குவழியை இங்கே பொருத்தலாம். ஒவ்வொரு கோடும் இரண்டு சந்திப்புகளுக்குப் பொது; ஆகவே சந்திப்பு ஒன்றுக்கு இரண்டு கோடுகள் என்பதால் 4 வாய்ப்பு. சந்திப்பில் அம்புகளை வைக்கும் 16 வழிகளில் 6 மட்டும் விதிக்கு உட்பட்டவை. ஆக 4 × 6/16, அதாவது சந்திப்புக்கு 1.5. பெருக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். ஆனால் பக்கத்துச் சந்திப்புகள் ஒன்றையொன்று பாதிப்பதை இந்தக் குறுக்குவழி கணக்கில் எடுப்பதில்லை. 1967-இல் லீப் சதுரக் கட்டத்துக்குச் சரியான விடையைக் கண்டுபிடித்தார்: 4/3 என்பதன் 3/2 அடுக்கு, அதாவது 1.5396.

இரண்டுக்கு இரண்டாக நான்கு சந்திப்புகள் கொண்ட கட்டத்தை அவளை வரையச் சொல்லுங்கள். வலது விளிம்பில் வெளியேறும் கோடு இடது விளிம்பில் நுழைவதாகவும், மேல்விளிம்பில் வெளியேறுவது கீழ்விளிம்பில் நுழைவதாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 8 கோடுகள். பொறுமையாக எண்ணினால் 18 வழிகள் வரும். அதன் நான்காம் மூலம் 2.06. மூன்றுக்கு மூன்றில் 148 வழிகள், ஒன்பதாம் மூலம் 1.74. நான்குக்கு நான்கில் 2,970 வழிகள், பதினாறாம் மூலம் 1.65. முதல் இரண்டையும் கையால் எண்ணிவிடலாம். மூன்றாவதற்குக் கணினி ஆய்வகத்தில் ஒரு சிறு நிரல் எழுதினால் போதும், உங்கள் கணித ஆசிரியர் உதவுவார். எண்கள் இறங்கி வருகின்றன, 1.5-இல் போய் நிற்குமா, 1.5396-இல் நிற்குமா என்பதை இந்த மூன்று எண்களைக் கொண்டு சொல்ல முடியுமா என்று அவளையே கேளுங்கள். முடியாது என்று அவள் சொன்னால், வேறு எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டு, அவள் பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து